உப்பு எங்கே என்று கேட்டேன்

மெழுகில் தோய்த்த தீக்குச்சிகள்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகின்றன. ஒரு சனிக்கிழமை மத்தியானம், சத்துணவுக் கூடத்துப் படியில் உட்கார்ந்து, கேம்ப் டீச்சர் மெழுகுவர்த்தியை ஒரு தகர டப்பாவில் உருக்கி வைத்திருந்தார். தீக்குச்சியை ஒவ்வொன்றாக எடுத்துத் தலையை மட்டும் அதில் முக்கிப் பழைய பேப்பரில் வரிசையாகக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே பார்த்தேன். எதற்கு என்று கேட்க வாய் வரவில்லை. அவராகவே சொன்னார். "மழையில நனைஞ்சாலும் பத்திக்கும் ஆயாம்மா. மெழுக நகத்தால கீறி எடுத்துட்டு உரசணும்." ஒன்றை எடுத்துக் குவளைத் தண்ணீரில் போட்டு, வெளியே எடுத்துத் துடைத்து, கீறி, உரசினார். பற்றிக்கொண்டது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. அந்த முகத்தில் சிரிப்பு அடிக்கடி வருவதில்லை.

குடவாசலுக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். ஊர் நடுநிலைப் பள்ளியில் நான் சமையல் உதவிக்கு இருந்தேன். அஞ்சாவது வரைக்கும் அதே பள்ளியில் படித்தவள்தான். டீச்சர் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குச் சரித்திரமும் பூகோளமும் எடுத்தார். அதோடு பெண்பிள்ளைகளின் சாரணியர் படைக்கும் அவர்தான் பொறுப்பு. கூடாரம், கயிறு, விசில் என்று எந்நேரமும் அதே பேச்சாக இருப்பார் என்பதால் ஊரில் அவருக்குக் கேம்ப் டீச்சர் என்று பேராகிவிட்டது. காலையில் முதல் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். இறங்கும்போதே களைத்துப்போயிருப்பார். வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமியார், காப்பிக்கும் டிபனுக்கும் அவரையே பார்த்துக்கொண்டிருக்கும் நாலு பேர். ஒரு தடவை கூடத்தில் உட்கார்ந்து குதிகாலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "எல்லாரும் டிரெய்னிங் கேம்ப் போறது கஷ்டம்ங்கிறாங்க. எனக்கு அந்த மூணு நாளும் யாருக்கும் காப்பி போட வேண்டாம்."

பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் சொல்லிக்கொடுப்பதை நான் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்திருக்கிறேன். ஆணி இல்லாமல், மூங்கில் கழியும் கயிறும் மட்டும் வைத்துத் தட்டு கவிழ்க்க ஒரு தாங்கி கட்டுவார்கள். மண்ணில் இலையையும் கல்லையும் வைத்து, பின்னால் வருகிறவர்களுக்கு வழி சொல்லுவார்கள். கழியில் போடும் முதல் முடிச்சுக்கு என்னவோ இங்கிலீஷ் பேர் சொன்னார். பார்த்தால் கன்றுக்குட்டியை முளையில் கட்டுகிற அதே கட்டு. நான் என்னை மறந்து சிரித்துவிட்டேன். டீச்சர் திரும்பிப் பார்த்து, "என்ன, தெரியுமா? வந்து போட்டுக் காட்டுங்க" என்றார். நான் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வெளியே பிள்ளைகள் சிரித்தார்கள். பத்துப் பேருக்கு முன்னால் நின்று ஒரு வார்த்தை பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. தெரிந்ததைக்கூடச் சொல்ல வராது.

ஆண்பிள்ளைகளை டிரில் சார் வருஷா வருஷம் முகாமுக்கு அழைத்துப் போவார். பெண்பிள்ளைகளை வீட்டை விட்டு வெளியில் தங்க வைத்தது கிடையாது. டீச்சர்தான் வீடு வீடாக ஏறி இறங்கினார். வயல் வரப்பில் நின்று அம்மாக்களிடம் பேசினார். "வயசுக்கு வந்த புள்ளைய தோப்புல படுக்க வைக்கிறதா?" என்றவர்களுக்கு, "ஆயாம்மாவும் கூட வர்றாங்க" என்று என்னைக் காட்டினார். என்னைக் காட்டினால் ஊரில் நம்பினார்கள். பெரிய சார், அதாவது தலைமையாசிரியர், கடைசியில் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு கண்டிப்பு வைத்தார். "இந்த ஒரு தடவைதான் டீச்சர். இன்ஸ்பெக்ஷன்ல பிள்ளைங்க தேறி, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாம திரும்பி வந்தாங்கன்னா அடுத்த வருஷமும் போங்க. ஏதாவது ஒண்ணுன்னா, அதோட சரி. பொம்பளப் பிள்ளைங்க ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ளயே டிரில் பண்ணட்டும்."

இன்ஸ்பெக்ஷனுக்கு வெளியிலிருந்து ஒரு அம்மா வருவதாக இருந்தது. பிள்ளைகள் மூன்று அணியாகப் பிரிந்து, தாங்களே அடுப்பு வெட்டி, தீ மூட்டி, சோறு வடித்து, குழம்பு வைத்துக் காட்ட வேண்டும். பெரியவர்கள் கை வைக்கக் கூடாது, வாயும் திறக்கக் கூடாது. யாராவது எடுத்துக் கொடுத்தால் மார்க் போய்விடும். டீச்சர் முகாமுக்கு முன்னாடி நாள் என்னைப் பிடித்துக்கொண்டு பாதி விளையாட்டாகவும் பாதி கெஞ்சலாகவும் சொன்னார்: "அரிசி குழைஞ்சாலும் சரி, அடுப்பு அணைஞ்சாலும் சரி, நீங்க வாயத் தொறக்கக் கூடாது ஆயாம்மா. அந்த அம்மா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க. உங்க கையிலதான் இருக்கு." பக்கத்தில் நின்ற தாமரை அணித் தலைவி, எட்டாவது படிக்கிற பெண், "ஆயாம்மா எப்பதான் வாயத் தொறந்தாங்க, இப்பத் தொறக்க?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனி மாதம். மேட்டூர் திறந்தாயிற்று, ஆற்றில் தண்ணீர் எங்கேயோ வந்துகொண்டிருக்கிறது என்று பேச்சு. எங்கள் பக்கம் கடைமடை மாதிரி, பிந்தித்தான் வரும். வாய்க்கால் காய்ந்து, களிமண் வெடித்துக் கிடந்தது. அந்த வாய்க்கால் ஓரத்து மாந்தோப்பில்தான் கூடாரம் போட்டோம். பகலெல்லாம் காற்று. ஆனிக் காற்றை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. மணலை வாரிக் கண்ணில் அடிக்கும். உலையில் தூசி விழும். தோப்பு மண் பொலபொலவென்று இருந்ததால் முளையெல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தது. டீச்சர் முளையைத் தூக்கி எறிந்துவிட்டு, சுள்ளிக்கட்டில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டிக் கட்டைப் படுக்க வைத்துப் புதைத்து மிதிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு கூடாரம் அசையவில்லை. பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார்கள். முதல்நாள் சோறுதான் ஆகவில்லை. காற்றில் தீ நிற்காமல், இரண்டு அணிக்கு அரைவேக்காடு. மூன்றாவது அணி அவல் நனைத்துத் தின்றது. டீச்சர் அந்த அரைவேக்காட்டையே வாங்கிச் சாப்பிட்டார். நாளைக்கு அந்த அம்மா வருகிறார்களே என்ற கவலை மட்டும் முகத்தில் தெரிந்தது.

அன்று சாயங்காலம் நான் ரோட்டோரக் கைப்பம்பில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தபோது லஸ்கர் சைக்கிளில் வந்தார். மதகைத் திறந்து மூடுகிற அரசாங்க ஆளை அப்படித்தான் சொல்லுவோம். ஹேண்டில்பாரில் மதகுச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. "என்ன ஆயா, தோப்புல ஒரே பொண்ணுங்க கூட்டமா இருக்கு? எங்க வீட்டுக்காரி கேட்டா நானும் கேம்ப் போறேன்னு சொல்லிடவா?" என்று கேலி பேசிவிட்டு, "நாளைக்குக் காலைல திறக்கிறேன். பத்து மணிக்கெல்லாம் இந்த வாய்க்கால்ல தண்ணி வந்துரும்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் நாற்றுவிட விதையை ஊறவைக்காமல் காத்துக்கொண்டிருந்தோம். அப்போது அடுப்பெல்லாம் மேலே தோப்பில்தான் இருந்தது. தண்ணீர் வருவதை யாரிடமாவது எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் வருகிறது என்றால் எங்கள் ஊரில் அது நல்ல சேதி. நல்ல சேதியை யாரும் பயந்துகொண்டு சொல்வதில்லை.

விடிந்ததும் காற்று நேற்றைவிட அதிகம். டீச்சர் தோப்பைச் சுற்றி நடந்து பார்த்தார். வாய்க்கால் கரையில் நின்றார். உள்ளே இறங்கி ஒரு தீக்குச்சியைக் கிழித்தார். சுடர் ஆடாமல் நின்றது. இடுப்பளவு கரை இரண்டு பக்கமும் காற்றை மறித்திருந்தது. "அடுப்பை எல்லாம் இங்க வெட்டுங்க" என்றார். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். கரையைக் குடைந்து மூன்று அணியும் மூன்று அடுப்பு வெட்டினார்கள். காய்ந்த மட்டையும் பாளையும் சவுக்கு விறகும் அங்கேயே இறங்கின. நல்ல யோசனைதான். வாய்க்காலுக்குத் தண்ணீர் வராது என்றால் அதைவிட நல்ல இடம் கிடையாது.

நான் வெங்காயக் கூடையோடு மேலே நின்று பார்த்தேன். லஸ்கர் சொன்ன பத்து மணி ஞாபகம் வந்தது. சொல்ல வேண்டும் என்று கூடையை வைத்துவிட்டுக் கிட்டே போனேன். அதற்குள் இன்ஸ்பெக்ஷன் அம்மா ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முந்தி வந்துவிட்டார். கையில் நோட்டு. டீச்சர் அவரிடம் இங்கிலீஷும் தமிழுமாக என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வரிசையில் நின்று சல்யூட் அடித்தார்கள். நான் ஒரு மாமரத்துக்குப் பின்னால் நின்றேன். எத்தனை நேரம் நின்றேனோ. டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவை விட்டு இரண்டடி தள்ளி வந்து, "என்ன ஆயாம்மா?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். நோட்டு வைத்திருந்த அம்மாவும் திரும்பி என்னைப் பார்த்தார். வாய் திறந்தால் மார்க் போய்விடும் என்பது ஒரு பக்கம். லஸ்கர் சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் என்றைக்கு வந்தது, பன்னிரண்டு ஆகும், அதற்குள் சோறு ஆகிவிடும் என்பது இன்னொரு பக்கம். படித்தவர்கள், கேட்காமலா இறங்கியிருப்பார்கள் என்றும் நினைத்தேன். இதெல்லாம் காரணம் என்று எத்தனையோ வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜமான காரணம் கூச்சம். அந்த இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணுமில்லீங்க டீச்சர். உப்பு எங்கன்னு கேக்க வந்தேன்" என்றேன்.

"தாமரை அணிகிட்ட இருக்கு. நீங்க போய் உக்காருங்க" என்றார் டீச்சர்.

போய் உட்கார்ந்தேன். மேற்கே வாய்க்கால் திரும்பும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று உலையும் கொதித்தது. நேற்றுப்போல இல்லை, தீ நாக்கு நீட்டி நின்று எரிந்தது. இன்ஸ்பெக்ஷன் அம்மா கரைமேல் நடந்து ஒவ்வொரு அடுப்பாகப் பார்த்துத் தலையை ஆட்டினார். டீச்சர் பின்னாலேயே நடந்தார். அவர் முகத்தில் அந்தத் தீக்குச்சிச் சிரிப்பு வரத் தொடங்கியிருந்தது. ஒருவேளை தண்ணீர் இன்றைக்கு வராது என்று நானும் நினைத்துவிட்டேன்.

முதலில் கொக்குகள்தான் தெரிந்தன. திருப்பத்தில் ஏழெட்டுக் கொக்கு, வாய்க்காலுக்குள் முன்னால் நடந்து நடந்து வந்தன. தண்ணீருக்கு முன்னால் கொக்கு நடக்கும். நண்டும் பூச்சியும் வளையை விட்டு வெளியே வரும், அதைப் பிடிக்க. அவற்றுக்குப் பின்னால் சருகும் வைக்கோலும் நுரையும் தள்ளிக்கொண்டு மண்நிறத்தில் தண்ணீர் வந்தது. எழுந்து ஓடினேன். அன்றைக்கு என் வாய் ஒரே ஒரு தடவை திறந்தது. "தண்ணி வந்துட்டு! தண்ணி வந்துட்டு!" என்று கத்தினேன்.

அப்படிக் கத்தியதுதான் தப்பாகப் போயிற்று. எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை ஊரே அப்படித்தான் கத்தும். வாய்க்கால் கரையில் குழந்தையும் கிழவருமாக ஓடி, புதுத் தண்ணியை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வார்கள். நான் கத்தியதும் கரையில் நின்ற பிள்ளைகள் எல்லாரும் "ஓ" என்று கூவிக்கொண்டு வாய்க்காலுக்குள் குதித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் அடுப்பை விட்டுத் தண்ணீரைப் பார்த்து ஓடினார்கள். டீச்சர் விசிலை ஊதினார். மேலே ஏறுங்கள் என்பதற்கு அவர் பழக்கியிருந்த மூன்று நீள விசில். யார் காதிலும் ஏறவில்லை. அதையும் கொண்டாட்டம் என்றுதான் நினைத்தார்கள். டீச்சர் செருப்போடு உள்ளே இறங்கிக் கையில் அகப்பட்டவர்களைப் பிடித்து மேலே தள்ளினார்.

தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். உயிருக்கு ஆபத்து ஒன்றுமில்லை. அடுப்புகள் ஒவ்வொன்றாக உஸ் என்று அணைந்தன. இரண்டு அணிகளும் பானையை விட்டுவிட்டு வந்துவிட்டன. தாமரை அணித் தலைவி விடவில்லை. வெந்துகொண்டிருக்கிற சோற்றைத் தண்ணீரில் போக விட எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு மனசு வராது. தாவணியைச் சுருட்டிப் பிடித்துக் கொதிக்கிற பானையைத் தூக்கிவிட்டாள். கால் களிமண்ணில் வழுக்கிற்று. பானை சரிந்து கஞ்சி முழுக்க அவள் இடது பாதத்தில் கொட்டியது. அந்த அலறலுக்குத்தான் மற்ற பிள்ளைகள் அடங்கினார்கள்.

அதற்கப்புறம் நடந்ததையும் எழுத வேண்டும். யாரும் அதைச் சொல்வதில்லை. வாய்க்கால் தண்ணீரை அள்ளி ஊற்றப்போன பிள்ளையை டீச்சர், "அந்தத் தண்ணி வேண்டாம், அழுக்கு! பம்புத் தண்ணி!" என்று தடுத்தார். நாலு பேர் குடம் குடமாக அடித்துக்கொண்டு வர, நிறுத்தாமல் பாதத்தில் ஊற்ற வைத்தார். மல்லி அணிப் பிள்ளைகள் சொல்லாமலேயே இரண்டு கழியை எடுத்துப் போர்வையை மடித்துத் தூக்குப்படுக்கை கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் பழகும்போதெல்லாம் அது நடுவில் பிரிந்துபோய், படுத்தவள் தொப்பென்று விழுவாள், எல்லாரும் சிரிப்பார்கள். அன்றைக்கு ஒரு முடிச்சுக்கூட நழுவவில்லை. ஆறு பேர் ஒரே சீராக அடி எடுத்து வைத்து, ரோடு வரைக்கும் அவளை ஆடாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த அம்மாவின் ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜீப்பில் ஏறும்போது அந்த அம்மா நோட்டை மூடிப் பைக்குள் வைத்ததை நான் பார்த்தேன். டீச்சரின் தீப்பெட்டி கரையில் கிடந்தது. உள்ளே குச்சிகள் எல்லாம் காய்ந்துதான் இருந்தன. விறகுதான் கிழக்கே மிதந்து போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் அந்தப் பெண்ணின் அப்பா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "எங்க புள்ளைங்க என்ன மீன்குஞ்சா, வாய்க்கால்ல கொண்டுபோய் விடுறதுக்கு? தண்ணி எப்ப வரும்னு கேட்டுக்கக்கூடத் தெரியாத பொம்பளைக்கு எதுக்கு டீச்சர் வேலை?" என்று தெருவே கேட்கப் பேசினார். பெரிய சார் அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். நான் கூடத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்டது. பெரிய சார் கேட்டார், "யார்கிட்டயும் விசாரிக்கலையா டீச்சர்?" டீச்சர் சொன்னார், "இல்ல சார். விசாரிச்சிருக்கணும். நான்தான் பாக்கல." எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். என் கை கல்லைப் பொறுக்கிக்கொண்டே இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு முகாம் அதோடு நின்றது. கழிகளை ஸ்டோர் ரூமில் கட்டிப் போட்டார்கள். அடுத்த வருஷம் டீச்சருக்கு ஒரத்தநாடு பக்கம் மாற்றலாயிற்று. போகும்போது கூடத்துக்கு வந்து, "வரேன் ஆயாம்மா, உடம்பப் பாத்துக்குங்க" என்றார். "சரிங்க டீச்சர்" என்றேன். அவ்வளவுதான் பேசினேன்.

பல வருஷம் கழித்து ஒருநாள் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. ரிடையர் ஆகிவிட்டதாகச் சொன்னார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொம்பளப் பிள்ளைங்கள இப்பக் கேம்ப் கூட்டிட்டுப் போறாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். "இல்லீங்க" என்றேன். "அன்னிக்குக் காலைல நான் மதகு வரைக்கும் நடந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் ஆயாம்மா. அரை மைல்தான். கால் வலிச்சது, போகல. இன்னமும் அது மனச விட்டுப் போகல" என்றார். லஸ்கர் என்னிடம் சொன்னார் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. "அதெல்லாம் இல்லீங்க டீச்சர்" என்றேன். என் பஸ் வந்துவிட்டது என்று ஏறிக்கொண்டேன். அதற்குப் பின்னாலும் இரண்டு பஸ் இருந்தது. போன வருஷம் அவர் இறந்துபோனதாகச் சேதி வந்தது. யாரோ சந்தையில் போகிற போக்கில் சொன்னார்கள்.

இந்த ஆனியில் தாமரை அணித் தலைவி என் வீட்டுக்கு வந்தாள். இப்போது அவள் பெண் ஏழாவது படிக்கிறது. உட்கார்ந்து பாதத்தை நீட்டியபோது தழும்பு தெரிந்தது. பழைய புடவைத் துணி மாதிரி சுருங்கிப்போய். கையில் பள்ளிக்கூடத்து ஃபாரம். "புதுசா ஒரு டீச்சர் வந்திருக்கு ஆயாம்மா. பொம்பளப் பிள்ளைங்களுக்குத் திரும்பக் கேம்ப் வைக்கிறாங்க. எங்கன்னு நினைக்கிறீங்க? ஸ்கூல் மாடியில! டென்ட்ட செங்கல்லு வச்சுக் கட்டுவாங்களாம். சமையல் கேஸ் அடுப்பாம். வாய்க்கால் பக்கமே போகக் கூடாதுன்னு பெத்தவங்க எல்லாம் எழுதிக் கொடுத்துட்டாங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முன்னாடி ஒரு டீச்சர் பிள்ளைங்கள வாய்க்கால்ல இறக்கிவிட்டுட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னுச்சாம். ஒரு பொண்ணு தண்ணியில போயிட்டாளாம். மீட்டிங்ல என் பக்கத்துல உக்காந்திருந்தவளே என்கிட்ட சொல்றா. நான் செத்துட்டேனாம் ஆயாம்மா!"

நான் சிரிக்கவில்லை. அவள் சிரித்து முடிக்கிற வரைக்கும் இருந்தேன். காப்பி கொண்டுவந்து வைத்தேன். பிறகு சொன்னேன். லஸ்கர் சைக்கிளில் வந்தது, பத்து மணி என்று சொன்னது, மாமரத்துக்குப் பின்னால் நின்றது, டீச்சர் கேட்டது, நான் உப்பைக் கேட்டது. சொல்லி முடிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. இத்தனை வருஷம் சுமந்ததற்கு அது சின்னதாகத்தான் இருந்தது.

அவள் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். "டீச்சர் ஆஸ்பத்திரிக்கு ஒன்பது நாளும் வந்துச்சு. அப்பா வாசல்லயே நிறுத்தித் திட்டுவாரு. திட்டு வாங்கிக்கிட்டு ஆரஞ்சுப் பழத்த நர்ஸ்கிட்ட கொடுத்துட்டுப் போவும்" என்றாள். பிறகு, "எனக்கு டீச்சர் மேல அன்னிக்கும் கோவம் இல்ல. உங்க மேல இப்பத்தான் வருது ஆயாம்மா" என்றாள். காப்பியைக் குடிக்காமல் எழுந்தாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, "டீச்சர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள். தலையை ஆட்டினேன், இல்லை என்று. "அவங்களுக்குத்தான் இனிமே சொல்ல முடியாது. ஊர்ல இருக்கிறவங்களுக்குச் சொல்லலாம்ல?" என்றாள்.

மறுவாரம் பெற்றோர் கூட்டம் என்று அவளே வந்து அழைத்துப் போனாள். கோபம் போகவில்லை, ஆனால் கையைப் பிடித்துத்தான் மாடிப்படி ஏற்றினாள். முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் எழுந்து, "செத்துப்போன பொண்ணு நான்தான்" என்று சொல்லிப் பாதத்தைக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். "மிச்சத்த இவங்க சொல்லுவாங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றேன். இரண்டு நிமிஷம் பேசியிருப்பேன். முன் வரிசைக்கே கேட்டிருக்காது. பின்னால் இருந்தவர்கள் அவர்கள் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்கள். புது டீச்சர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க பாட்டி, உக்காருங்க" என்றார். முகாம் மாடியில்தான் என்று முடிவாயிற்று. அதை நான் மாற்ற முடியாது. ஆறு பிள்ளைகள் அவளை ஆடாமல் ரோடு வரை தூக்கிக்கொண்டு போனதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அசதியாக இருந்தது. படுத்துவிட்டேன்.

வாயால் சொன்னது கேட்காது என்பதால் இதை எழுதுகிறேன். அன்றைக்கு வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று டீச்சருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவர் கேட்டார், நான் சொல்லவில்லை. யாரும் சாகவில்லை. அடிபட்ட பிள்ளையை மற்ற பிள்ளைகள் டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இதை இனிமேல் யாராவது வேறு மாதிரி சொன்னால், அவர்களோடு சண்டை போட வேண்டாம். என்னிடம் அனுப்புங்கள். பகலெல்லாம் வீட்டில்தான் இருக்கிறேன்.